இருபத்து மூன்று சந்தாதாரர்கள்

ஸ்ரீவித்யா தன் காதிலிருந்த இயர்பட்ஸில் ஒன்றைக் கழற்றி நீட்டியபோது, கேரல் எலுமிச்சை சாதத்தின் கடைசிக் கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“இதக் கேளுங்க கேரல். ரெண்டே நிமிஷம். வயிறு வலிக்கச் சிரிப்பீங்க.”

கேரலுக்கு இஷ்டமில்லை. பெங்களூரில் பொம்மனஹள்ளியில் இருந்த அந்த அலுவலகத்தில் எல்லோருக்குமே காதுதான் சோறு போட்டது. எங்கோ அமெரிக்காவில் டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். கணினி அதைத் தட்டச்சு செய்யும். கேட்டுத் திருத்துவது இவர்கள் வேலை. எட்டு மணி நேரம் அடுத்தவர் பேச்சைக் கேட்டவளுக்கு மதியச் சாப்பாட்டின்போது கிடைக்கும் அமைதி ஒன்றுதான் ஆறுதல். ஆனாலும் ஸ்ரீவித்யா சேலத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண், முகம் சுருங்கிவிடும். கேரல் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

ஒரு ஆண் குரல். “...அப்ப நம்ம ரெண்டு ஓலை என்ன பண்றாங்க தெரியுமா? சூட்கேஸ எடுக்கறாங்க. நீலக் கலர் சூட்கேஸ். மாப்ள வேணாம்னு சொல்லிட்டான், இவங்க குடித்தனம் பண்ணக் கிளம்பிட்டாங்க, மக்களே.”

பின்னணியில் யாரோ சிரிப்பது போல ஒரு ஒலி சேர்க்கப்பட்டிருந்தது. ஸ்ரீவித்யாவும் மேஜையில் தட்டிச் சிரித்தாள்.

கேரல் கவளத்தை டப்பாவிலேயே வைத்தாள். நகைச்சுவை சொல்வதற்கு முன் மூக்கால் சின்னதாக ஒரு மூச்சை உள்ளே இழுக்கும் அந்தப் பழக்கம் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவளுடைய அக்கா ஜோவிதாவின் கணவர் டிரேவர்.

“ரெண்டு ஓலைன்னா யாரு?” என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“அவரோட மச்சினிச்சியாம். கிறிஸ்டின்ல கல்யாணத்துக்கு முன்னாடி சர்ச்ல மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்களாமே? இந்தக் கேரக்டருக்கு ரெண்டு வாசிச்சதும் மாப்ள ஓடிட்டான். அதான் பேரு ரெண்டு ஓலை. உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்களும் கிறிஸ்டின்தானே.”

“தெரியும்” என்றாள் கேரல்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆஸ்டின் டவுனில் அவர்கள் பங்குக் கோயிலில், “இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று சாமியார் இரண்டு ஞாயிறுகள் வாசித்தார். மூன்றாவது ஞாயிறு அவள் பெயரை வாசிக்கவில்லை. கோயம்புத்தூர் மாப்பிள்ளை வீட்டார் காரணம் எதுவும் சொல்லவில்லை. போனையும் எடுக்கவில்லை. அதன் பிறகு ஒருநாள் அவள் வீட்டில் தியானத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலை ரயிலில் கோயம்புத்தூர் போனாள். அந்த வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். திரும்பி வந்தபோது கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குத் தனியாக நடந்து போகக் கால் வரவில்லை. டிரேவர் அத்தானைத்தான் கூப்பிட்டாள். அவர் பைக்கில் வந்தார், பிளாஸ்க்கில் காபி கொண்டு வந்தார், அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். “யாருகிட்டயும் சொல்ல மாட்டேம்மா. உங்க அக்காகிட்டகூட” என்றார்.

அக்காவிடம் சொல்லவில்லைதான். ஊருக்குச் சொல்லியிருக்கிறார்.

“இத எப்படி வித்யா கேக்கறது? எனக்கும் வச்சுக்குடு” என்றாள் கேரல்.

ஸ்ரீவித்யாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கேரலின் போனை வாங்கி, பாட்காஸ்ட் கேட்கும் ஆப்பை இறக்கினாள். பூதக்கண்ணாடிப் படத்தைத் தொட்டு ‘மாமியார் வீட்டு மைக்’ என்று தேடினாள். மீசையும் மைக்குமாக ஒரு கார்ட்டூன் வந்தது. பக்கத்தில் ‘ஃபாலோ’ என்று ஒரு பொத்தான்.

“இத அமுக்கிட்டா நீங்க சப்ஸ்கிரைபர். அவ்வளவுதான். அவரு எப்ப புதுசா போட்டாலும் உங்க போனுக்குத் தானா வந்துரும். மணி அடிக்கும். இங்க பாருங்க, இந்த ‘டவுன்லோட்’ ஆன் பண்ணி வச்சா நெட் இல்லாதப்பவும் கேக்கலாம். போன்ல இறங்கி உக்காந்துக்கும்.”

“அவரு அப்புறம் அழிச்சிட்டா?”

“அவரு பக்கம் போயிரும். நீங்க இறக்கினது உங்ககிட்ட இருக்கும்.” ஸ்ரீவித்யா யோசித்துப் பார்த்தாள். “எதுக்கு அழிக்கப் போறாரு?”

கேரல் அந்த வாரம் முழுக்க பேருந்தில் கேட்டாள். சில்க் போர்டு சிக்னலில் பேருந்து நிற்க நிற்க ஒவ்வொரு பகுதியாக முடிந்தது. நாற்பத்தோரு பகுதிகள். ஒன்றரை வருடமாக, சனிக்கிழமைகளில் ‘ஆபீஸ் டிரெய்னிங் ரெக்கார்டிங்’ என்று படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அத்தான் செய்த வேலை இதுதான். அம்மா அல்போன்சாவின் பெயர் அதில் ‘மீன் தலை’: குழம்பில் மாப்பிள்ளைக்கு நடுத்துண்டு, பெண்களுக்கு வால், தனக்குத் தலை என்று வைப்பதால். அம்மாவின் தம்பி நோயல் மாமா, தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், ‘வாட்ச்மேன்’: அங்கே கொடுத்த கைக்கடிகாரத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவதால். சொந்த மனைவியையும் விடவில்லை. கிறிஸ்துமஸ் பூசையில் தனியாகப் பாடும்போது அக்காவுக்குக் குரல் உடைந்ததை நடித்துக் காட்டியிருந்தார். மூன்று முறை.

நடுநடுவே ஒரே தைரியம் திரும்பத் திரும்ப வந்தது. “கவலைப்படாதீங்க மக்களே, எங்க வீட்டுல யாருக்கும் பாட்காஸ்ட்னா என்னன்னே தெரியாது. வாட்ஸ்ஆப்புல குட்மார்னிங் அனுப்பறதோட அவங்க படிப்பு முடிஞ்சுது.”

பழிவாங்குவது பற்றிக் கேரல் நிறையப் படித்திருந்தாள். அவளுக்குப் பிடித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் அவமானப்பட்டவர்கள் இருபது வருடம் காத்திருந்து, பனி விழும் ஊர்களுக்குக் குதிரை வண்டியில் திரும்பி வருவார்கள். கோட்டுப் பையில் பழைய கடிதம் ஒன்று இருக்கும். அவளிடம் இருந்தது ஒரு ஃபாலோ பொத்தான். அதைப் பார்க்கப் பார்க்கப் போதும் என்றுதான் தோன்றியது.

ஒரே ஒரு முள். அம்மாவும் அக்காவும் அத்தானின் குரலைக் கேட்க வேண்டுமென்றால், அவளுடைய கோயம்புத்தூர்ப் பயணத்தையும் கேட்டாக வேண்டும். வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அம்மா இன்னும் அந்த நீலச் சூட்கேஸைப் பரணில் தேடிக்கொண்டிருக்கிறாள். அத்தான் இதைக் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார்: இவள் எப்போதாவது கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் போவது இவள் மானம்தான்.

அந்தக் கணக்குத்தான் அவளை இன்னும் சுட்டது.

புதன்கிழமை அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டு முறை. தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, கடைசியில் டீயும் போண்டாவும் சாப்பிட்டுக் கலைவது வழக்கம். பத்தொன்பது பெண்கள் வந்திருந்தார்கள். நோயல் மாமா போண்டாவுக்காக வந்திருந்தார். ஜோவிதா பாட்டுக்காக வந்திருந்தாள். டீ ஊற்றும் நேரத்தில் கேரல் எழுந்து நின்றாள்.

“தினமும் பூசை வாசகமும் ஜெபமாலையும் போன்லயே கேக்கலாம். சமைச்சிக்கிட்டே கேக்கலாம். யாருக்கெல்லாம் வேணும்?”

“யூடியூப்லதான் வருதே” என்றாள் ஜோவிதா.

“யூடியூப்னா நாமதான் தேடிப் போகணும், நடுவுல நைட்டி விளம்பரம் வரும். இது பேரு பாட்காஸ்ட். ரேடியோ மாதிரிதான், ஆனா நேரம் நம்ம கையில. காலையில போட்டத சாயங்காலம் கேக்கலாம். பாதில நிறுத்திட்டு அடுப்ப அணைச்சிட்டு வந்து விட்ட எடத்துலருந்து கேக்கலாம். ஒரு தடவ சப்ஸ்கிரைப் பண்ணிட்டாப் போதும், பால் பாக்கெட் மாதிரி காலைல வாசல்ல வந்து கெடக்கும்.”

“சப்ஸ்கிரைப்னா சந்தாதானே” என்றார் நோயல் மாமா. பங்குப் பத்திரிகைக்குச் சந்தா வசூலிப்பவர் அவர்தான். “வருஷத்துக்கு எவ்வளவு?”

“பைசா கிடையாது மாமா.”

“பைசா வாங்காம எவன்மா பேசுவான்?”

“சில பேருக்குப் பேசறதே கூலி மாமா.”

எல்லோரும் சிரித்தார்கள். அல்போன்சா தன் போனை முதல் ஆளாக நீட்டினாள். “எனக்கு வச்சுக் குடுடி. அமுக்கறது எதுன்னு மட்டும் காட்டிடு. மத்ததெல்லாம் எனக்கு எதுக்கு.”

“அமுக்கறதுதான்மா எல்லாமே. இந்த முக்கோணம் தெரியுதா? இத அமுக்கினா பேசும். ரெண்டு கோடு வந்ததும் இன்னொரு வாட்டி அமுக்கினா வாய மூடும்.”

“இந்த வசதி உங்க மாமாவுக்கு இருந்தா நல்லா இருக்கும்” என்றாள் அல்போன்சா.

ஒவ்வொரு போனாகக் கேரல் மடியில் வாங்கினாள். ஆப்பை இறக்கினாள். ஜெபமாலைக்கு ஒரு ஃபாலோ. பூசை வாசகத்துக்கு ஒரு ஃபாலோ. பிறகு கட்டைவிரல் ஒரு நொடி தயங்கும், மீசையும் மைக்கும் வரும், மூன்றாவது ஃபாலோ. தானாக இறங்கும்படி டவுன்லோட், மணி அடிக்கும்படி நோட்டிஃபிகேஷன். டிரேவர் அப்போது முதல் சீசனை முடித்துவிட்டு ஒரு மாத இடைவெளியில் இருந்தார். புதிதாக எதுவும் வராது. வராதவரை அந்த மீசை யார் கண்ணிலும் படப்போவதில்லை. அக்காவின் போனுக்கு மூன்றாவது ஃபாலோ போடும்போது மட்டும் கேரல் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பத்தொன்பது பெண்கள், அம்மா, அக்கா, மாமா, ஏற்கெனவே அவள். இருபத்து மூன்று.

அந்தச் சனிக்கிழமை டிரேவர் மாமியார் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது சீட்டியடித்துக்கொண்டே படியேறினார். பங்குக் கோயிலில் எந்தக் கல்யாண வரவேற்பானாலும் மைக் பிடிப்பவர் அவர்தான். நன்றாகத் தைத்த சட்டை, எப்போதும் ஒரு ஜோக். அல்போன்சாவுக்கு அவர் வந்தாலே வீடு வெளிச்சமாகிவிடும்.

“என்ன அத்தான், குஷியா இருக்கீங்க” என்றாள் கேரல், மீன் தட்டை நீட்டி.

“ஒரு சின்ன சைடு புராஜெக்ட்மா. அறுநூறு பேர்லயே மாசக்கணக்கா நின்னுட்டிருந்துச்சு. திடீர்னு ரெண்டே நாள்ல ஏறிருச்சு. அதுவும் எல்லாம் நம்ம பெங்களூர் ஜனம். திறமைய ஊரு கண்டுபிடிக்கக் கொஞ்சம் லேட் ஆகும், அவ்வளவுதான்.”

“கண்டுபிடிச்சிட்டாங்க போல” என்றாள் கேரல். நடுத்துண்டு அவர் தட்டில் விழுந்தது.

மறு திங்கட்கிழமை ஸ்ரீவித்யா ஓடிவந்தாள். “கேரல், ட்ரெய்லர் போட்டிருக்காரு, கேட்டீங்களா?”

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். அதை ஆப்புக்குள் போடாமல் வேறு ஒரு பக்கத்தில் முப்பது நொடித் துணுக்காக விட்டிருந்தார். “மக்களே, ரெண்டாவது சீசன். வர்ற ஞாயித்துக்கிழமை மதியம் ஒன்றரை மணி, பிரியாணி உள்ள போயி கண்ணு சொருகற நேரம். பெங்களூர்லருந்து புதுசா இருபத்தி மூணு பேரு வந்திருக்கீங்க. உங்களுக்காகவே ஒரு ஸ்பெஷல். மீன் தலைக்கு அறுபது வயசு. கூடவே, நீங்க கேட்டுட்டே இருந்த ரெண்டு ஓலையோட முழுக்கதை.”

முழுக்கதை. இதுவரை சொன்னது பாதிதானா. கேரல் கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவள் வைத்த பொறியில் அவர் அவளையே தூக்கிப் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள். காலையில் நன்றிப் பூசை, மதியம் மொட்டை மாடியில் பந்தல் போட்டு விருந்து. அன்பியத்துப் பெண்கள் பத்தொன்பது பேரும் வருவார்கள். கையில் போனோடு.

சனிக்கிழமை மாலை அம்மா குளிக்கப் போனபோது அவளுடைய போனைக் கேரல் எடுத்தாள். மீசையைத் திறந்தாள். ஃபாலோவை நீக்க ஒரு தொடுதல் போதும். மற்றவர்கள் போனையும் ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கிவிடலாம். ஒரு சுற்று தெருவில் நடந்தால் முடிந்துவிடும். அவள் மானம் மிஞ்சும். அத்தானும் மிஞ்சுவார். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டு அவர் சூட்கேஸைத் தூக்குவார். முகம் தெரியாத அறுநூறு பேர் சிரிப்பார்கள். அவள் நடுத்துண்டைப் பரிமாறுவாள்.

குளியலறையிலிருந்து அம்மா கேட்டாள். “கேரல், அந்த நீலச் சூட்கேஸ் கெடச்சுதா? பட்டுப்புடவைய அதுல வைக்கலாம்னு பாத்தேன்.”

“இல்லம்மா” என்றாள். போனை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தலுக்குக் கீழே வெயில் சல்லடையாக விழுந்தது. டிரேவர் மாமியாருக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் பரிசாக வாங்கி வந்திருந்தார். தன் கையாலேயே அவள் போனோடு இணைத்து, மாதா பாட்டு ஒலிக்கவிட்டு, “இனிமே உங்க போன் என்ன பேசினாலும் தெருவுக்கே கேக்கும் அத்தை” என்றார். பெண்கள் கை தட்டினார்கள். பிறகு மைக் பிடித்து மாமியாரைப் புகழ்ந்தார். “அம்மா இல்லாத எனக்குக் கெடச்ச அம்மா” என்றபோது அல்போன்சா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரியாணி பரிமாறத் தொடங்கினார்கள்.

ஒன்றரை மணிக்கு முதல் மணி அடித்தது. பின்னாலேயே இன்னொன்று. இலைகளுக்குப் பக்கத்திலும் மடியிலும் கைப்பைகளுக்குள்ளும் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாதிரி கிணுகிணுத்தன. நோயல் மாமாவின் சட்டைப் பையில் இருந்தது கடைசியாக அடித்தது.

“ஜெபமாலை இந்நேரத்துக்கா வரும்?” என்றாள் அல்போன்சா. போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். “மாமியார் வீட்டு மைக். புதிய பகுதி. மீன் தலைக்கு அறுபது, ரெண்டு ஓலை முழுக்கதை. யாருடி இவங்க?”

டிரேவரின் கை பிரியாணிக்குள் நின்றது. கேரல் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறம் போவது என்பதை அவள் புத்தகத்தில் படித்திருக்கிறாள். கண்ணால் காண்பது இதுதான் முதல்முறை. காதிலிருந்து தொடங்கியது.

“முக்கோணத்த அமுக்குங்கம்மா” என்றாள். “பேசுவாரு.”

“அத்தை, அது வைரஸ். குடுங்க, நான் பாக்கறேன்” என்று டிரேவர் எழுந்தார். அதற்குள் அல்போன்சா அமுக்கிவிட்டாள்.

ஸ்பீக்கர் தெருவுக்கே கேட்கும்படி பேசியது. “வணக்கம் மக்களே. இன்னைக்கு எங்க வீட்டு மீன் தலைக்கு அறுபது வயசு. மதியம் விருந்துல அம்மா இல்லாத எனக்குக் கெடச்ச அம்மான்னு ஒரு டயலாக் விடப்போறேன், பாருங்க, கண்ணத் தொடைக்கும். வருஷா வருஷம் தொடைக்கும். ரிமோட் மாதிரி.”

யாரோ ஒரு பெண் பழக்கதோஷத்தில் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள்.

“நம்ம டிரேவர் குரல் மாதிரியே இருக்கே” என்றார் நோயல் மாமா.

“மாமா, அது சும்மா, ஒரு கற்பனைக் கதை...”

“ஸ்வல்ப இருப்பா. கேப்போம்.” மாமா அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். முப்பது வருடம் இரும்பு தூக்கிய கை அது. கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் வாட்ச்மேன் வந்தார். மாமா தன் மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரத்தை மெதுவாகக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அழுத்திய கையை மட்டும் எடுக்கவில்லை.

அடுத்தது ஜோவிதா. கிறிஸ்துமஸ் பாட்டு வந்தது. ஸ்பீக்கரிலிருந்து அவளுடைய உடைந்த குரலை அவள் கணவர் பாடினார். அவள் கணவரின் இலையிலிருந்த கறித்துண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு மூக்கால் ஒரு மூச்சு. “இப்ப ரெண்டு ஓலை.”

கேரல் எழுந்து நின்றாள். உட்கார்ந்தபடி கேட்க முடியாது என்று தோன்றியது.

கோயம்புத்தூர் ரயில் வந்தது. கேட் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா கம்பி வழியாகத் தண்ணீர் கொடுத்தது வந்தது. அன்பியத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் கேரலைப் பார்த்தார்கள். அம்மாவின் கை வாயை மூடியிருந்தது. “ரெண்டு மணி நேரம் கேட்டப் புடிச்சிட்டு அழுதாங்களாம் மக்களே. கடைசில அதே சூட்கேஸ இழுத்துக்கிட்டு, சக்கரம் ஒண்ணு வேற உடைஞ்சு, கடகட கடகடன்னு கன்டோன்மென்ட் ஸ்டேஷன்ல...”

கேரல் குனிந்து அம்மாவின் போனைத் தொட்டாள். இரண்டு கோடு முக்கோணமானது. டிரேவர் வைத்துவிட்டுப் போன மைக்கை எடுத்தாள். இருபது பேருக்குச் சொல்ல மைக் தேவையில்லை. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது.

“இது நான்தான். உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். போனது நெஜம். தண்ணி குடுத்தது நெஜம். அழல. அத்தான், ஸ்டேஷன்ல என்னப் பாத்தப்ப என் கையில என்ன இருந்துச்சு?”

டிரேவர் இலையைப் பார்த்தார்.

“நீங்கதானே சாட்சி. சொல்லுங்க.”

“கேரல், விடும்மா. அப்புறம் பேசிக்கலாம்.”

“அறுநூறு பேர்கிட்ட பேசினீங்களே. இவங்க இருபத்தி மூணு பேரு. உங்களத் தேடி வந்தவங்க. நீங்க ஸ்பெஷல் போட்டதே இவங்களுக்காகத்தான்.”

அவர் தலை நிமிர்ந்தது. வரிசையாக எல்லா முகங்களையும் பார்த்தார். எண்ணிக்கை அவருக்குப் புரிவதைக் கேரல் நின்று நிதானமாகப் பார்த்தாள். இந்த ஒரு நிமிடத்துக்காக இருபது வருடம் காத்திருந்திருந்தாலும் தகும்.

“சொல்லு டிரேவர்” என்றாள் ஜோவிதா.

“ஒண்ணும் இல்ல” என்றார். மைக் இல்லாமல் அவர் குரல் மிகச் சின்னதாக இருந்தது. “கையில ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்ல. ஏன்னா அந்தச் சூட்கேஸுக்குள்ள இருந்தது அவங்க குடுத்த நிச்சயப் புடவை, மோதிரம், வெள்ளிக் குத்துவிளக்கு. குடித்தனம் பண்ண எடுத்துட்டுப் போகல. திருப்பிக் குடுக்க எடுத்துட்டுப் போனேன். அவங்க கேட்டத் தெறக்கல. யாராவது தெறந்து கைநீட்டி வாங்கிக்கட்டும்னு ரெண்டு மணி நேரம் நின்னேன். வாங்கல. கேட்டுக்கு வெளியில வச்சிட்டு வந்துட்டேன்.” அம்மாவைப் பார்த்தாள். “சாமான கொரியர்ல அனுப்பிட்டேன்னு சொன்னது பொய்ம்மா. அதனாலதான் சூட்கேஸ் பரண்ல இல்ல.”

அல்போன்சா மெதுவாகத் தலையாட்டினாள். மூன்று வருடத் தேடலை ஒரே தலையாட்டலில் முடித்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய்ப் பாத்திரத்திலிருந்து பெரிய கறித்துண்டு ஒன்றை எடுத்துவந்து கேரலின் இலையில் வைத்தாள்.

“எடுத்துடறேன்” என்றார் டிரேவர், போனைத் துழாவியபடி. “இப்பவே டிலீட் பண்ணிடறேன் அத்தை. எல்லாத்தையும்.”

“பண்ணுங்க அத்தான்” என்றாள் கேரல். “இருபத்தி மூணு போன்லயும் எறங்கி உக்காந்திருக்கு.”

“மீதி எவ்வளவு இருக்கு?” என்று அல்போன்சா கேட்டாள்.

“பதினோரு நிமிஷம்மா.”

“போடு. மாப்ள சாப்பிடட்டும், நாம கேப்போம்.”

கேரல் முக்கோணத்தை அமுக்கினாள். பதினோரு நிமிடமும் ஸ்பீக்கர் சிரித்தது. பந்தலுக்குள் வேறு யாரும் சிரிக்கவில்லை. டிரேவர் சாப்பிடவும் முடியாமல், எழவும் முடியாமல், மாமாவின் கைக்குக் கீழே தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தக் குரல், “புடிச்சிருந்தா உங்க வீட்டுல எல்லாரையும் சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லுங்க மக்களே” என்றது.

கை கழுவும் இடத்தில் அன்பியத்தின் தலைவி அவரிடம் மரியாதையாகத்தான் சொன்னாள். “தம்பி, ரெண்டாம் தேதி எங்க பொண்ணு ரிசப்ஷனுக்கு உங்களச் சொல்லி வச்சிருந்தோம். வேற ஆளப் பாத்துக்கறோம்.” ஜோவிதா அன்று மாலை அவரோடு கிளம்பவில்லை. தங்கையோடும் பேசவில்லை. பாத்திரம் துலக்கும்போது மட்டும் ஒருமுறை கேட்டாள். “அவருகிட்ட சொன்ன. எங்கிட்ட சொல்லல.” கேரல் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். அக்காவின் போனில் அந்த மூன்றாவது ஃபாலோவை அமுக்கியதும் சொல்லாமல் செய்ததுதான். இரண்டு பேரும் ஒரே குழாயில் கடைசிப் பாத்திரம்வரை கழுவினார்கள்.

மறுநாள் மதியம் ஸ்ரீவித்யா சோர்ந்துபோய் வந்து உட்கார்ந்தாள். “கேரல், மாமியார் வீட்டு மைக்கக் காணோம். மொத்தமா தூக்கிட்டாங்க. ஸ்பெஷல் எபிசோட் நான் இன்னும் கேக்கவே இல்ல.”

“எங்கிட்ட இருக்கு.”

“நெஜமாவா?”

“நீதானே டவுன்லோட் போட்டுக் குடுத்த.” கேரல் தன் இயர்போனை எடுத்தாள். ஒரு பக்கத்தை அல்ல, இரண்டையும் நீட்டினாள். “கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன் வித்யா. அந்த ரெண்டு ஓலை நான்தான்.”

ஸ்ரீவித்யா முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு இல்லை என்று புரிந்தது. வாங்க நீட்டிய அவள் கை பாதியில் நின்றது. “எனக்கு... நான் கேக்கல கேரல். வேணாம்.”

“முழுசா கேளு” என்றாள் கேரல். இயர்போனை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். “சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கு.”

ஸ்ரீவித்யா காதில் வைத்துக்கொண்டாள். கேரல் முக்கோணத்தை அமுக்கிவிட்டுத் தன் டப்பாவைத் திறந்தாள். முந்தின நாள் பிரியாணி. கேட்காமலேயே அவளுக்குத் தெரியும், எந்த நிமிடத்தில் ரயில் வரும், எந்த நிமிடத்தில் சூட்கேஸ் வரும் என்று. ரயில் போனது. கேட் வந்தது. அன்று இந்தப் பெண் மேஜையில் தட்டிச் சிரித்த அதே சூட்கேஸ் வந்தது.

கேரல் மெல்வதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.